பூஜை இன்னொரு வீட்டுவேலை ஆகிவிடாமல்

பெங்களூரில் சாயங்காலம் ஆறரை மணிக்குக் குக்கர் விசிலடிக்கும், பிள்ளை ஹோம்வொர்க்கை விரித்துவைத்து அழும், வீட்டுக்காரர் சில்க் போர்டு சிக்னலில் நிற்பார். அப்போது மனசு ஒருநிலைப்படாது. விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு நகருங்கள். உட்கார்ந்து கும்பிட, காலையில் ஸ்கூல் வேன் போன பிறகு, பாத்திரத்தில் கை வைப்பதற்கு முன் நேரம் ஒதுக்குங்கள். பாத்திரம் முதலில் என்றால் அன்றைக்குப் பூஜை இல்லை.

ஓர் அகல், ஒரு பஞ்சுத்திரி, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் போதும். திரியை முழுக்க நனைத்து நுனியை மட்டும் கொஞ்சம் வெளியே விடுங்கள். நீளமாக விட்டாலும், காய்ந்த திரியைப் பற்றவைத்தாலும் கரும்புகை கிளம்பும். அப்புறம் சுவர் துடைக்கும் வேலை வேறு.

சிசேரியன் ஆனவர்களும் முதுகுவலிக்காரர்களும் நாற்காலியில் சாய்ந்தே உட்காரலாம், சாமி கோவித்துக்கொள்ளாது. நாலு எண்ணும்வரை மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும் நேரத்துக்கு ‘முருகா’ என்று மெல்ல நீட்டிச் சொல்லியபடி விடுங்கள். வெளிமூச்சு நீண்டால் இதயத்துடிப்பு தணியும். ஒரு சுற்றுக்குப் பத்து நொடி. 27 சுற்று நாலரை நிமிடம். 108 சொல்லியே தீருவேன் என்றால் 18 நிமிடம், அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். தலை கிறுகிறுத்தால் மூச்சை அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள் என்று அர்த்தம், எண்ணுவதை விட்டுவிடுங்கள். ஜெபமாலை சொல்லும் கிறிஸ்தவர்களுக்கு மாலையில் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதி போதும்.

ஹலசூரு சோமேஸ்வரர் கோயிலுக்குப் பிரதோஷத்தன்று பிள்ளையோடு போய் நெரிசலில் நிற்பதைவிடச் சாதாரண நாளில் காலையில் போவது நிம்மதி.

பாலூட்டுகிறவர்கள் பச்சைத்தண்ணீர்கூடப் படாத விரதம் எடுக்காதீர்கள். பழம், பால், மோரோடு இருந்தால் போதும். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைத் தள்ளக்கூடாது.

தூங்கி எழுந்தும் அசதி தீரவில்லையா? ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அதற்கு மந்திரம் போதாது, இரும்புச்சத்து மாத்திரை வேண்டும். அதையும் ஃபில்டர் காபியோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

பிரசவம் ஆகி இரண்டு வாரம் தாண்டியும் அழுகை ஓயவில்லை, குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை என்றால் திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப்போட்டதோடு விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் போன் செய்யுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் கைக்குழந்தையையும் பிரிக்காமல் வைத்துப் பார்க்கும் பிரிவு இருக்கிறது. செத்துப்போகலாம் என்ற பேச்சு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல், அவரைத் தனியாக விடாமல், அன்று இரவே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.