கிரியேட்டின் டப்பாவைத் திறக்கும் முன்

ஜிம்மில் சேர்ந்த கையோடு, தசை பலத்துக்காக எடுக்கும் கிரியேட்டின் பவுடரை வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. விலை குறைவான சாதா கிரியேட்டின் மோனோஹைட்ரேட்டே போதும்; அதிகம் ஆராயப்பட்டதும் அதுதான். தினமும் 3 முதல் 5 கிராம். முதல் வாரம் மட்டும் தினம் 20 கிராம் வீதம் ‘லோடிங்’ செய்யச் சொல்வார்கள். தசையில் கிரியேட்டின் சீக்கிரம் நிரம்பும், அவ்வளவே. சிலருக்கு வயிற்றைக் கலக்கிவிடும். நிதானமாகப் போனாலும் மூன்று நான்கு வாரத்தில் அதே நிலைக்கு வந்துவிடலாம். காலையா மாலையா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், நாள் தவறாமல் எடுத்தால் சரி.

ஆரம்பத்தில் ஒன்றிரண்டு கிலோ எடை ஏறலாம். அது பெரும்பாலும் தசைக்குள் சேரும் நீர். கொழுப்பென்று பயந்து சோற்றைக் குறைக்காதீர்கள்.

பலரும் தடுமாறுவது ரத்தப் பரிசோதனையில்தான். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறியப் பார்க்கும் கிரியேட்டினின், கிரியேட்டின் உடைந்து உருவாவதுதான். எனவே ரிப்போர்ட்டில் அது சற்றுக் கூடுதலாகத் தெரியலாம். சிறுநீரகம் கெட்டுவிட்டதென்று அர்த்தமல்ல. பவுடர் எடுப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சந்தேகமிருந்தால் சிறுநீரகத்தைப் பார்க்கும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான சிஸ்டாட்டின் சி எழுதித் தருவார்.

ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சர்க்கரை, பிபிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், 18 வயது நிரம்பாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் டப்பாவைத் தொடவே வேண்டாம்.