மருந்துக் கொம்பு: மறுபடைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துப்பாக்கிக்கான வெடிமருந்தை வைத்துக்கொள்ளப் பயன்பட்ட, 18-ஆம் நூற்றாண்டு வட அமெரிக்கக் குடியேற்றங்களின் மருந்துக் கொம்பு பார்வைக்கு எளிய பொருள்: ஒரு மாட்டுக் கொம்பு, அகன்ற முனையில் மரமூடி, குறுகிய முனையில் துளையும் அடைப்பானும், தோளில் மாட்ட ஒரு வார். இதைத் திரும்பச் செய்ய முயல்பவர்களின் பெரும்பாலான பிழைகள் ரம்பம் கொம்பில் படுவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன.

முதல் தவறு, பத்துக் கொம்புகளின் படத்தைப் பார்த்து பதினோராவதாக ஒன்றைக் கற்பனை செய்வது. மாசசூசெட்ஸ், கனெக்டிகட் பக்கத்துப் படையினர் 1750-களில் நியூயார்க்கின் லேக் ஜார்ஜ் ஏரி முகாம்களில் வைத்திருந்த கொம்புகளில் உடல் முழுக்கச் செதுக்கல் இருக்கும். அடிமூடி பைன் போன்ற சாதாரண மரம், ஆணியோ மரமுளையோ அடித்தது. பென்சில்வேனியா, வர்ஜீனியா பக்கத்தில் கடைசல் பட்டறையில் உருவான கொம்புகளுக்குக் கடைந்த அடிமூடியும், திருகிக் கழற்றும் முனையும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை செதுக்கல் இல்லாதவை, காலத்தாலும் பிந்தியவை. திருகுமுனைக் கொம்பில் லேக் ஜார்ஜ் வரைபடத்தைச் செதுக்கினால் இரண்டு ஊரின் பாணியும் கெட்டுவிடும். தேதியும் இடமும் தெரிந்த ஒரே ஓர் அசலைத் தேர்ந்தெடுத்து, அதன் நீளம், அடிவிட்டம், கழுத்து வடிவம், மூடி, வார் கட்டும் இடம் எல்லாவற்றையும் அதிலிருந்து மட்டும் எடுங்கள்.

அந்தக் கொம்பை யார் வைத்திருந்தார் என்பதும் முக்கியம். பிரிட்டிஷ் வரிசைக் காலாட்படை, மருந்தையும் குண்டையும் சேர்த்துச் சுற்றிய காகிதத் தோட்டாக்களைப் பெட்டியில் வைத்துச் சுட்டது. அதற்குக் கொம்பு தேவைப்படவில்லை. மாகாணப் படை, காடுகளில் உளவு பார்த்துப் போரிட்ட ரேஞ்சர்கள், ஊர்க்காவல் படை, ரைஃபிள்காரர்கள் ஆகியோரே கொம்பைப் பெரிதும் பயன்படுத்தினர். பீரங்கியின் பற்றுத்துளையில் மருந்து போட பீரங்கிப் படையினரும் வைத்திருந்தனர். அரச முத்திரையும் ஹட்சன் ஆற்று வரைபடமும் கொண்ட மிக நேர்த்தியான சில கொம்புகள் அதிகாரிகள் நினைவுப் பொருளாகச் செய்வித்துக்கொண்டவை. அப்படியொன்றைச் சாதாரணச் சிப்பாயின் இடுப்பில் தொங்கவிட்டால், விஷயம் தெரிந்தவர் கண்ணில் முதலில் உறுத்துவது அதுதான்.

தேதி, பெயர், எழுத்து

செதுக்கும் வாசகத்தை வரலாற்றோடு ஒத்துப் பாருங்கள். லேக் ஜார்ஜ் கரையிலிருந்த ஃபோர்ட் வில்லியம் ஹென்றி கோட்டை 1755-இல் கட்டப்பட்டு 1757 ஆகஸ்டில் பிரெஞ்சுப் படையால் அழிக்கப்பட்டது. ஆகவே "1759, ஃபோர்ட் வில்லியம் ஹென்றி" என்ற வாசகம் நிற்காது. ஃபோர்ட் ஸ்டான்விக்ஸ் கோட்டை 1758-இல்தான் எழுந்தது. பாஸ்டன் முற்றுகை 1776 மார்ச் 17-இல் முடிந்துவிட்டது. பாஸ்டனை அடுத்த ராக்ஸ்பரியின் முற்றுகைக் கால முகாமை அதே ஆண்டு கோடையில் காட்டினால் பொருந்தாது. அமெரிக்காவின் பதின்மூன்று நட்சத்திரக் கொடிக்கான தீர்மானம் 1777 ஜூன் 14-இல் நிறைவேறியது. 1775 என்று போட்டுவிட்டு அந்தக் கொடியை வரைவது அடிக்கடி நடக்கும் கோளாறு.

1752-க்கு முந்தைய தேதிகளில் இன்னொரு பொறி உண்டு. அதுவரை ஆங்கிலேயக் குடியேற்றங்களில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. ஜனவரி முதல் மார்ச் 24 வரையான நாள்களுக்கு இரண்டு ஆண்டுகளையும் சாய்கோடு போட்டு எழுதும் வழக்கமும் இருந்தது. எழுத்து வடிவத்தில், வால் நீண்ட பழைய ஆங்கில எஸ் எழுத்து சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும், இறுதியில் வராது. எல்லா இடத்திலும் அதைப் போட்டால் பழமை தெரியாது, அறியாமைதான் தெரியும்.

இன்னார் "ஹிஸ் ஹார்ன்" (அவருடைய கொம்பு) என்ற வாசகம் உரிமையாளரைக் குறிக்கும், செதுக்கியவரை அல்ல. செதுக்கியவர் தன் பெயரையும் சேர்த்த கொம்புகள் குறைவு. மாசசூசெட்ஸின் ஷ்ரூஸ்பரியைச் சேர்ந்த கறுப்பினப் படைவீரர் ஜான் புஷ் 1750-களில் லேக் ஜார்ஜ் பகுதியில் சக வீரர்களுக்காகச் செதுக்கியவர். 1757-இல் வில்லியம் ஹென்றி வீழ்ந்தபோது சிறைப்பட்டார், ஊர் திரும்பவில்லை. அவருடைய சுழித்தோடும் எழுத்துப் பாணியைப் பிறரும் பின்பற்றினர். எனவே பாணியை மட்டும் வைத்து "இது புஷ் கை" என்று முடிவு கட்டக் கூடாது. கொம்பிலுள்ள பெயர் அந்த ஆண்டின் படைப் பட்டியலில், அந்த இடத்தில் இருந்த அணியில் வருகிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

ஓவியர் ரூஃபஸ் கிரைடர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நூற்றுக்கணக்கான கொம்புகளை வரைந்து வைத்தார். அந்த ஓவியங்கள் நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தில் உள்ளன. கொம்பின் வளைவை விரித்துத் தட்டையாகக் காட்டுபவை அவை. அதை அப்படியே நகலெடுத்துக் கொம்பில் சுற்றினால் பாதி வரைபடம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், ஏனென்றால் அடியில் சுற்றளவு 23 செ.மீ. இருந்தால் கழுத்தருகே 9 செ.மீ.தான் இருக்கும். முதலில் உங்கள் கொம்பின்மேல் தாளைச் சுற்றி அதன் வடிவத்தை எடுங்கள். ஆறு, கோட்டை, பெயர்ப்பலகை ஆகியவற்றின் இடத்தைப் பென்சிலால் நேரே கொம்பிலேயே குறியுங்கள்.

கொம்பைத் தேர்ந்தெடுத்தல்

எருமைக் கொம்பு வேண்டாம். நம் நாட்டில் எளிதில் கிடைப்பதும், உத்தரப் பிரதேசத்தின் சம்பலில் சீப்பும் பொத்தானுமாக மாறுவதும் பெரும்பாலும் அதுதான். கறுப்பு நிறம், குறுக்கே வரிவரியான மேடுகள், மூன்று பட்டையான குறுக்குவெட்டு ஆகிய மூன்றும் காட்டிக்கொடுத்துவிடும். தேவை, வெளிறிய பசுமாட்டு இனக் கொம்பு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவ வேண்டும். மருந்து எவ்வளவு மிச்சம் என்று அந்தக் காலத்தவர் அப்படித்தான் பார்த்தார்கள்.

நுனியில் குறைந்தது 7–8 செ.மீ. கெட்டியாக இருக்க வேண்டும். கழுத்தும் வளையங்களும் அதிலிருந்துதான் உருவாகும். வாங்கும் முன் பக்கவாட்டில் தொங்கவிட்டுப் பாருங்கள். இடக்கொம்பு, வலக்கொம்பு இரண்டின் முறுக்கும் எதிரெதிர். உடலோடு படியாமல் நுனி விலாவைக் குத்தினால் அந்தக் கொம்பு மறுபக்கத்துக்கு உரியது.

துளையும் அடிமூடியும்

அதிகக் கொம்புகள் பாழாவது துளையிடும்போது. கொம்பின் உட்குழி நேராகப் போவதில்லை. கெட்டியான கம்பியை உள்ளே விட்டு, முட்டும் இடம்வரை அளந்து, அதே அளவை வெளியே வைத்துக் குறியுங்கள். குழியின் கடைசிப் பகுதி எந்தத் திசை நோக்கிப் போகிறது என்பதையும் கோடாக வரையுங்கள். துளை அந்தக் கோட்டில் போக வேண்டும், நுனி காட்டும் திசையில் அல்ல. நுனியின் திசையில் போனால் ட்ரில் பக்கவாட்டில் வெளியே வந்துவிடும். முதலில் 3 மி.மீ. ட்ரில்லால் பாதி தூரம், நிறுத்திச் சரிபார்த்து மீதி, பிறகு 5–6 மி.மீ.க்கு விரிவு. முடி கருகும் வாசனை வந்தால் ட்ரில் சூடேறிவிட்டது. வெளியே எடுத்து ஆறவிடுங்கள். அடைப்பானுக்குச் சாய்வான துளை வேண்டும். வயலின் முறுக்காணிக்கு வைத்திருக்கும் ரீமர் (துளையைச் சாய்வாக விரிக்கும் கருவி) இதற்குச் சரியாகப் பொருந்தும்.

அடிவாய் பெரும்பாலும் முட்டை வடிவில்தான் இருக்கும். அரத்தால் ராவி வட்டமாக்கப் பார்த்தால் சுவர் ஒரு பக்கம் தாளாகிவிடும். கொதிக்கும் நீரில் அடிப்பகுதியை மட்டும் 15–20 நிமிடம் முக்கினால் கொம்பு இளகும். கூம்பாகக் கடைந்த மரக்கட்டையை உள்ளே அழுத்தி, முழுக்க உலரும்வரை சில நாள் அப்படியே விடுங்கள். சூடு ஆறியதுமே கட்டையை எடுத்தால் ஈரம் காயக் காய வாய் மீண்டும் கோணும். கொதிக்கும் எண்ணெயில் போட்டால் சீக்கிரம் இளகும் என்பது உண்மைதான், ஆனால் அளவு தெரியாதவர் கையில் கொம்பு அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும்.

நிரந்தர மூடிக்கு நன்றாகக் காய்ந்த மரம். பச்சை மரம் வைத்தால் இரண்டு மாதத்தில் சுருங்கி இடைவெளி விடும். மூடி 10–12 மி.மீ. உள்ளே இறங்கட்டும். 2–3 மி.மீ. தடிப்பில் ஆறு முதல் எட்டு முளைகள், கொம்பின் விளிம்பிலிருந்து குறைந்தது 5 மி.மீ. தள்ளி. முன்துளை போடாமல் ஆணி அடித்தால் விளிம்பு வெடிக்கும். இணைப்பில் உருக்கிய தேன்மெழுகு பூசுங்கள். எபாக்ஸி வேண்டாம், மரமும் கொம்பும் ஈரத்துக்கு வெவ்வேறு அளவில் உப்பிச் சுருங்கும்போது, இடம்கொடுக்காத பசை எங்காவது ஒன்றைப் பிளக்கும்.

காற்றுப் புகாத மூடியா என்று அறிய, நுனித்துளையை நாக்கால் அடைத்து உறிஞ்சுங்கள். நாக்கு ஒட்டி நின்றால் மூடி சரி. நில்லாவிட்டால் அடியில் சோப்பு நீர் தடவி ஊதுங்கள்; குமிழி வரும் இடம்தான் ஓட்டை.

சுரண்டல், செதுக்கல், நிறம்

பெல்ட் சாண்டரை (உப்புத்தாள் பட்டை சுழலும் மின்கருவி) தள்ளி வையுங்கள். அது சூடாக்கும், மேடுகளைத் தட்டையாக்கும். கரடு அரம், மென்மையான அரம், பிறகு கத்தி முதுகாலோ சுரண்டு தகடாலோ நீளவாக்கில் இழுத்தல் என்பதே வரிசை. அசல் கொம்புகள் பலவற்றில் இப்படி இழுத்த மெல்லிய பட்டைகளை விரலால் உணரலாம். செதுக்கும் முன் குறுக்குக் கீறல் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. செதுக்கல் தெரிய அதில் கரி பூசும்போது உங்கள் கோட்டுக்குள் மட்டுமல்ல, எல்லாக் கீறலுக்குள்ளும் இறங்கும். வெளிறிய கொம்பு சாம்பல் படலமாகிவிடும்.

சுழலும் மின்கருவியின் கோடு ஆரம்பம் முதல் முடிவுவரை ஒரே அகலம், ஓரம் பிசிறு. கூரிய கத்திமுனையின் கோடு நுழையும் இடத்தில் மெலிந்து, நடுவில் தடித்து, மறுபடி மெலியும். வளைவுகளைச் சின்னச் சின்ன இழுப்புகளாக வெட்டி, கையைத் திருப்பாமல் கொம்பைத் திருப்புங்கள். புகைக்கரியை ஆளி எண்ணெயில் குழைத்துத் தேய்த்து உடனே துடைத்துவிடலாம்.

பழுப்பேற்றுவதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். 1757-இல் ஒரு வீரர் தோளில் தொங்கிய கொம்பு அன்றைக்குப் புதிது. மஞ்சள் சாயம் ஏற்றிய கொம்புகள் அன்றும் இருந்தன. ஆனால் 250 ஆண்டுக் கைப்பிடி அழுக்கைப் பூசிக்கொண்டு அக்கால வீரர் வேடம் போடுவது பொருந்தாது. காட்சிக்காகப் பழமையூட்டினால், மூடியின் உள்பக்கத்தில் செய்தவர் பெயரையும் ஆண்டையும் வெட்டி வையுங்கள். சந்தையில் அதை அசலாக விற்க யாரேனும் முயன்றால் அதுவே தடுக்கும். அசலைச் சோதிக்கையில் உருப்பெருக்கியில் ஒன்றைக் கவனியுங்கள்: செதுக்கிய கோடு பழைய பூச்சித் துளைக்குள் சரிந்து இறங்கினால், துளை முதலில் வந்தது, கோடு பின்னால் வந்தது. வெறும் பழைய கொம்பில் பிற்காலத்தில் தேதி வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

மருந்து

கொம்பிலிருந்து நேரே துப்பாக்கிக் குழாய்க்குள் மருந்தைக் கொட்டக் கூடாது. முந்தைய வேட்டின் கனல் உள்ளே கிடந்தால் கையிலிருக்கும் கொம்பு முழுவதும் வெடிக்கும். தனி அளவுக்குப்பியில் ஊற்றி, கொம்பை மூடிய பிறகே குழாயில் இடவேண்டும். நவீன புகையில்லா மருந்துக்கு இந்தக் கொம்பும் ஆகாது, பழைய வகைத் துப்பாக்கியும் ஆகாது. இந்தியாவில் கருமருந்து வைத்திருப்பது வெடிபொருள் சட்டத்துக்கு உட்பட்டது, ஆகவே இங்கே செய்யும் கொம்பைக் காலியாகவே வையுங்கள்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் கொம்பை விடாதீர்கள். சூட்டில் வாய் பழைய முட்டை வடிவத்துக்குத் திரும்பி மூடி தளரும். கொம்பின் பொருளான கெராட்டினைத் தின்னும் வண்டுப்புழு அலமாரியில் இருந்தால் கொம்பில் குண்டூசித் துளைகள் தெரியும், அடியில் பொடி உதிர்ந்திருக்கும். அப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். கொம்பு அறையின் வெப்பத்துக்கு வரும்வரை பையைப் பிரிக்க வேண்டாம்.