பழைய கடற்படை உயிர்காப்புக் கருவிகள்: ஆண்டு கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கடற்படை உயிர்காப்பு அங்கி ஒன்று கைக்கு வந்ததும் எவரும் முதலில் தேடுவது அதில் அச்சிடப்பட்ட ஆண்டைத்தான். பெரும்பாலான தவறுகளும் அங்கேதான் தொடங்குகின்றன. வடிவமைப்பு ஆண்டு, ஒப்பந்த ஆண்டு, தயாரிப்பு நாள், கடைசியாகச் சோதித்த நாள், வாயுக் குப்பியின் நாள் என்று ஒரே அங்கியில் ஐந்து வகை எண்கள் இருக்கக்கூடும். அவற்றைப் பிரித்தறியாமல், இருப்பதிலேயே பழைய எண்ணைப் பிடித்துக்கொள்ள வைப்பது சேகரிப்பவரின் ஆசையே.

பெயரில் உள்ள ஆண்டை நம்புவது இதில் முதல் சறுக்கல். 'எம்-1926' என்று அழைக்கப்படும் அமெரிக்க இடுப்பு மிதவைப் பட்டையை 1944 ஜூனில் நார்மண்டிக் கரையில் இறங்கிய வீரர்களும் கட்டியிருந்தார்கள். இன்று கிடைப்பவற்றில் மிகுதியானவை போர்க்காலத்தில் தயாரானவை. பிரிட்டிஷ் விமானப்படையின் '1932 மாதிரி' அங்கியும் அப்படித்தான்: 1940-இல் ஆங்கிலக் கால்வாய்க்கு மேல் பறந்தவர்கள் அதைத்தான் அணிந்தார்கள். மாதிரியின் ஆண்டு, பொருள் அதற்கு முன் இருந்திருக்க முடியாது என்று மட்டுமே சொல்லும். பின் எல்லையைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

அமெரிக்கப் பொருள்களில் ஒப்பந்த எண் இதைவிட நல்ல வழிகாட்டி, ஆனால் அதையும் எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். ஒரு லேபிளில் 'டி.எஸ்.ஏ. 100-67-சி' என்று தொடங்கும் எண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் மூன்று எழுத்துகள் 1961-இல் அமைந்து, 1977 ஜனவரியில் 'டி.எல்.ஏ.' என்று பெயர் மாறிய பாதுகாப்பு வழங்கல் முகமையைக் குறிக்கின்றன; 67 என்பது நிதியாண்டு. அக்காலத்தில் அமெரிக்க நிதியாண்டு ஜூலையில் தொடங்கியதால் (1976-இல்தான் அது அக்டோபருக்கு மாறியது), இந்த எண் 1966 ஜூலைக்கும் 1967 ஜூனுக்கும் இடைப்பட்ட ஒப்பந்தத்தைச் சுட்டுகிறது. ஒப்பந்தம் முடிந்து, துணி வெட்டி, தைத்து, பெட்டியில் அடைத்து அனுப்புவதற்குள் இன்னொரு ஆண்டு கழிந்திருக்கலாம். எனவே "1967-இல் தயாரானது" என்று அட்டையில் எழுதுவதைவிட "1967 நிதியாண்டு ஒப்பந்தம்" என்று எழுதுவதே நேர்மையானது.

படைகளின் பொருள் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் தரப்படும் சரக்கு எண் இன்னொரு பொறி. கடல்சார் உயிர்காப்புப் பொருள்களுக்கான 4220 என்ற வகை எண்ணில் தொடங்கும் 11 இலக்க எண் இருந்தால், அந்தப் பொருள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தது அல்ல. அந்த முறையே போருக்குப் பிறகு வந்தது. 1974-இல் நடுவே இரண்டு இலக்க நாட்டுக் குறியீடு சேர்ந்து எண் 13 இலக்கமானது. அமெரிக்காவுக்கு 00, 01, பிரிட்டனுக்கு 99, கனடாவுக்கு 21. இங்கே பலரும் தடுக்கி விழுவது 00-இல். ஏற்கெனவே பட்டியலில் இருந்த பொருள்களுக்கு 00 சேர்க்கப்பட்டது என்பதால், அதைக் கண்டதும் 1974-க்கு முந்தையது என்று முடிவு கட்டுகிறார்கள். பதிவுதான் பழையது, அதே எண்ணோடு 1990-களிலும் அந்தப் பொருள் தைக்கப்பட்டிருக்கலாம். 13 இலக்கமும் தயாரிப்பாளரின் முதல் லேபிளிலேயே அச்சாகியிருந்தால், 00 இருந்தாலும் அது 1974-க்கு முந்தையதாகாது.

கடற்படைப் பொருள்தானா என்ற கேள்வியை ஆண்டுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். பிரிட்டிஷ் அகல அம்பு முத்திரை அரசுச் சொத்து என்பதற்கே அடையாளம். தரைப்படை மண்வெட்டியிலும் அதே அம்பு உண்டு. கனடாவில் அந்த அம்பு 'சி' எழுத்துக்குள் இருக்கும். போர்ப் போக்குவரத்து அமைச்சகத்தின் முத்திரை 1941 முதல் 1946 வரை என்று காலத்தை அழகாக வரையறுத்துத் தரும். ஆனால் அது வணிகக் கப்பல்களைக் கவனித்த அமைச்சகம். ஜெர்மன் பொருள்களில் 'எஃப்.எல்.' என்று தொடங்கும் எண் விமானப்படையினுடையது. கழுகின் கீழே 'எம்' இருந்தால்தான் கடற்படை.

துணியையும் நூலையும் கொண்டு கணிப்போர் புற ஊதா விளக்கைப் பெரிதும் நம்புகிறார்கள். வெண்மையூட்டும் வேதிப்பொருள்கள் போருக்குப் பிறகே துணிகளில் பரவலாயின என்பதால், விளக்கொளியில் நீலமாக மின்னும் தையல் நூல் பிற்காலத்தது என்பது அவர்கள் வாதம். வாதம் சரி, சோதனை எளிதில் ஏமாற்றும். இன்றைய சலவைத்தூளில் ஒருமுறை அலசினாலே 1943-இன் பருத்தியும் மின்னும். துணி முழுவதும் சீராக மின்னினால் அது சலவையின் வேலை. மடிப்பின் உள்பக்கம் மங்கியிருக்க, தையல் நூல் மட்டும் பளிச்சிட்டால் சந்தேகப்படுங்கள். மின்னாதது எல்லாம் அசல் என்று எண்ணிவிடவும் கூடாது. வெல்க்ரோ எனப்படும் ஒட்டுப்பட்டை இருந்தால் விளக்கே தேவையில்லை. வெல்க்ரோவின் காப்புரிமை 1955-ஐச் சேர்ந்தது. பழுதுபார்க்கும்போது பிற்பாடு தைத்ததா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

அவசர வானொலிகளில் வெளித்தோற்றத்தை நம்பக் கூடாது. தொடைகளுக்கிடையே இடுக்கிக்கொள்ள இடை சிறுத்த மஞ்சள் பெட்டியைக் கண்டதும் எஸ்.சி.ஆர்-578 என்கிறார்கள். போர்க்கால அமெரிக்க வானொலியான எஸ்.சி.ஆர்-578 500 கிலோசைக்கிளில் மட்டுமே ஒலிபரப்பியது. தகட்டில் 8280 அல்லது 8364 என்ற இரண்டாம் அலைவரிசை இருந்தால், அது பின்னால் வந்த ஏ.என்/சி.ஆர்.டி-3 வகை.

மிதவைப் பொதிகளின் உள்ளடக்கம் எப்போதும் கலவைதான். கப்பலில் இருந்தபோதே நீர் டப்பா, கடலில் கரைக்கும் பச்சைச் சாயம், காப்பர் அசிடேட்டும் கருஞ்சாயமும் கலந்த சுறா விரட்டி எல்லாம் காலக்கெடுப்படி மாற்றப்பட்டன. எனவே பொதிக்கு ஓர் ஆண்டு, உள்ளிருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண்டு என்று தனித்தனியே குறித்து வைக்க வேண்டும்.

சோதிக்கிறேன் என்று செய்யும் சேதம் திரும்ப வராது. பழைய ரப்பரில் காற்றடைத்தால் மடிப்புகளில் விரியும். இலவம்பஞ்சு அங்கியைத் துவைத்தால் ஸ்டென்சில் எழுத்து முதலில் போகும். பழைய திசைகாட்டி ஒளிரவில்லை என்பதால் அதைத் திறந்து சுரண்டுவது இன்னும் மோசம்: தீர்ந்துபோனது ஒளிரும் துத்தநாக சல்பைடு மட்டுமே, அந்தப் பூச்சிலுள்ள கதிரியக்க ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டுகள். ஒரு முனையில் ஆரஞ்சு நிறப் புகையும் மறுமுனையில் இரவுத் தீயொளியும் தரும் மார்க்-13 அவசர சமிக்ஞைக் குழலில் மூடிகள் உடையாமல் இருந்தால், லேபிளைப் படிக்கக்கூட அதை எடுத்துத் திருப்ப வேண்டாம். இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு வெடிபொருள் அகற்றும் அலுவலர்களை அழையுங்கள்.