பெருவிரல் நகத்தின் மூலையைத் தோண்டாதீர்கள்

சிவனொளிபாத மலையில் ஏறும்போது மூச்சு வாங்கும். கால்விரல் வலிப்பது இறங்கும்போதுதான். நல்லதண்ணிப் பக்கம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஒவ்வொரு படியிலும் பாதம் சப்பாத்துக்குள் முன்னால் சறுக்கிப் பெருவிரல் நகம் முட்டும். நகத்தின் ஓரம் ஏற்கெனவே சதைக்குள் இறங்கியிருந்தால் அடிவாரத்துத் தேத்தண்ணிக் கடை வரும்போது நொண்டிக்கொண்டுதான் வருவீர்கள்.

நான் மாட்டிக்கொண்டது என் கைவேலையால். மலைக்குப் போகும் முந்திய இரவு, நகம் இடிக்கக் கூடாதென்று ஒட்ட வெட்டி, இரண்டு மூலைகளையும் வளைத்து எடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நகவெட்டி எட்டாத உள்மூலையில் ஒரு சின்னக் கூர்முனை முள்ளுப்போல நின்றுவிட்டது. இறங்கும்போது சதை அதன்மேல் அழுந்தியது. ஒரு கிழமையில் ஓரம் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போயிற்று.

கால் நகத்தை நேராக வெட்டுங்கள். மூலை தோலுக்கு வெளியே தெரிய வேண்டும். கூராக இருந்தால் அரத்தால் லேசாகத் தேய்த்தால் போதும். மலைக்குப் போவதென்றால் நாலைந்து நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

அடுத்த தவறு இதைவிட மோசம்: வலித்ததும் ஊசியோ பிளேடோ எடுத்து மூலையைத் தோண்டுவது. இரண்டு நாள் சுகமாக இருக்கும். அப்புறம் இன்னும் ஆழத்தில் புதிய முனை ஒன்று வளர்ந்து வரும், கிருமியும் சேர்ந்துகொள்ளும். நகத்தின் நடுவில் ‘வி’ போல வெட்டினால் ஓரங்கள் நடுவுக்கு இழுபடும் என்பதும் வெறும் நம்பிக்கைதான். நகம் வேரிலிருந்து வளர்கிறது, நுனியில் என்ன வெட்டினாலும் அதற்குத் தெரியாது.

என் விரலைப் பார்த்த மாமி, “நகச்சுத்திதான், எலுமிச்சம்பழத்தைச் செருகு தம்பி” என்றார். செருகினேன். எரிச்சல்தான் மிச்சம். குத்துகிற நகம் உள்ளே இருக்கும்வரை எலுமிச்சையோ மஞ்சளோ எதுவும் செய்யாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அன்டிபயோட்டிக்கும் அப்படித்தான், மாத்திரை முடிந்ததும் பழைய கதை திரும்பும்.

சீழ் இல்லாத ஆரம்ப நிலையில் வீட்டிலேயே சமாளிக்கலாம். இளஞ்சூடான நீரில் பதினைந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை காலை வைத்து, நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். நகம் இளகியிருக்கும்போது ஓரத்துச் சதையை விரலால் மெல்ல விலக்கி, நூலளவு பஞ்சை மூலைக்கு அடியில் வைத்துத் தினமும் மாற்றலாம். புண் ஆறும்வரை முன்பக்கம் திறந்த செருப்புப் போடுங்கள்.

சப்பாத்தைக் காலையில் வாங்காதீர்கள். மாலையில் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், நடக்கும்போதும் அப்படித்தான். மேஸ் (காலுறை) போட்டு நின்று பார்த்தால் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இறங்கத் தொடங்குமுன் கணுக்கால் பக்கத்து நாடாவை இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னால் ஓடாது. இந்த ஒன்றைச் செய்யாமல்தான் பலர் விலையுயர்ந்த சப்பாத்தைத் திட்டுகிறார்கள். ஹோர்ட்டன் சமவெளியில் பனியும் புல்லும் காலை நனைத்துவிடும். ஊறிய தோலுக்குள் நகம் சுலபமாக இறங்கும். பையில் உலர்ந்த மேஸ் ஒரு சோடி இருக்கட்டும். 

நீரிழிவு உள்ளவர்கள் வீட்டு வைத்தியமே வேண்டாம், நேரே டொக்டரிடம் போங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் புண் ஆழமானதே தெரியாது. மற்றவர்களும் சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு, நக ஓரத்தில் வளரும் சிவந்த சதை என்று எதைக் கண்டாலும் தாமதிக்கக் கூடாது.

நகத்தைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்துதான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். பெரும்பாலும் விரலை மரக்கவைத்து, குத்துகிற ஓரத்தை மட்டும் ஒரு கீற்றாக எடுப்பார்கள். அடிக்கடி வருகிறதென்றால் அந்த இடத்து வேரில் பீனோல் என்ற இரசாயனத்தைத் தடவுவார்கள், அந்தக் கீற்று மறுபடி வளர்வது அரிது. ஆறச் சில கிழமைகள் எடுக்கும். மலைப் பருவம் டிசம்பர் போயாவிலிருந்து (முழுநிலா நாள்) மே மாத வெசாக் வரை நீள்கிறது. ஜனவரியில் ஓரத்தை எடுத்தவர், புண் முழுதாக ஆறியிருந்தால், ஏப்ரலில் ஏறலாம்.