தரங்கம்பாடிக் கடலை ஆயில் பெயின்டில் வரைவது: முதல் படம்

முதல் ஆயில் படத்துக்குக் கடற்கரை மிகப் பொருத்தம். வானம், தண்ணீர், மணல் என்று மூன்றே பெரிய பரப்புகள். ஆனால் டியூபிலிருந்து நீலத்தைப் பிதுக்கி அப்படியே பூசினால் அது நம் டெல்டாவின் கடலாக இருக்காது. பூம்புகாரில் காவிரி கலக்கிறது, பழையாறு பக்கம் கொள்ளிடம் கலக்கிறது. கரையோரத் தண்ணீர் பெரும்பாலும் பழுப்பேறிய பச்சை. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் கலங்கல் பழுப்பு. அந்த நிறத்தைக் கலக்கத் தெரிந்துவிட்டால் பாதிப் படம் முடிந்த மாதிரி.

வாங்க வேண்டியவை

10 × 12 அங்குல கேன்வாஸ் போர்டு, தட்டையான முரட்டு மயிர் பிரஷ் இரண்டு, மெல்லிய பிரஷ் ஒன்று, வண்ணம் கலக்கும் கத்தி ஒன்று, டர்பன்டைன், ஆளிவிதை எண்ணெய், பழைய பருத்தித் துணி. வண்ணம் நான்கு போதும்: டைட்டேனியம் ஒயிட், அல்ட்ராமரின் புளூ, எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தாலே அழுத்தமான கருமை கிடைக்கும். அதில் வெள்ளை சேர்த்தால் அருமையான சாம்பல் நிறங்கள்.

பார்த்துக் குறித்தல்

நம் கரை கிழக்கு பார்த்தது. காலையில் வெயில் எதிரே நின்று கண்ணைக் கூசவைக்கும். மாலை நாலு மணி வாக்கில் போனால் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். கடலின் நிறமும் படகின் நிறமும் தெளிவாகத் தெரியும். பென்சிலால் சின்னதாக ஒரு படம் போட்டு, எந்த இடம் வெளிச்சம், எந்த இடம் இருட்டு என்று எழுதிக்கொள்ளுங்கள். பெயின்டிங்கை வீட்டில் செய்யலாம். கடற்காற்றில் பறக்கும் மணல் ஈரப் பெயின்டில் ஒட்டிக்கொள்ளும். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை அங்கே கண்ணை இழுக்கத்தான் செய்யும். முதல் படத்தில் அதை விட்டுவிடுங்கள், கரையேற்றிய ஒரு படகு போதும்.

அடிப்பூச்சு

பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் மோர் பதத்துக்குக் கரைத்து போர்டு முழுக்கப் பூசித் துணியால் துடையுங்கள். காய்ந்ததும் அடிவானக் கோட்டை ஸ்கேல் வைத்துப் போடுங்கள். கோடு சாய்ந்தால் கடலே சாய்ந்துவிடும். நடுவில் வேண்டாம், கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கட்டும். டெல்டாவில் வானம்தான் பெரிது.

வானமும் கடலும்

வானத்திலிருந்து தொடங்குங்கள், கீழே உள்ள ஈரமெல்லாம் அதன் நிறத்தைத்தான் வாங்கும். உச்சியில் அல்ட்ராமரினும் வெள்ளையும். அடிவானத்தை நெருங்க நெருங்க வெள்ளையைக் கூட்டி, துளி ஆக்கர்.

தூரக் கடலுக்கு அல்ட்ராமரின், வெள்ளை, நீலத்தின் பளபளப்பைக் குறைக்கத் துளி பர்ன்ட் சியன்னா. பக்கத்தில் வர வர ஆக்கரைக் கூட்டுங்கள்: நீலம் பச்சையாகும். அலை புரண்டு மணலைக் கிளப்பும் இடத்தில் இன்னும் கொஞ்சம் சியன்னா. ஒவ்வொரு கலவையையும் கத்தி முனையில் எடுத்துப் படத்தருகே பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நிறம் கொஞ்சம் பிசகினாலும் படம் தாங்கும், வெளிச்ச அளவு பிசகினால் தாங்காது. நுரைக்கு முழு வெள்ளை வேண்டாம். அதன் நிழல் பக்கம் நீலச் சாம்பல். சுத்த வெள்ளை, வெயில் படும் ஓரிரு முகடுகளுக்கு மட்டும்.

மணல்

காய்ந்த மணல் ஆக்கரும் வெள்ளையும். ஈர மணலைச் சற்றுக் கருமையாகப் பூசி, அதன்மேல் வானத்தின் நிறத்தைப் பிரஷ்ஷில் தொட்டுக் கிடைமட்டமாக ஒரே இழுப்பு. மறுபடி தேய்க்காதீர்கள், சேறாகிவிடும். படகு கடைசியில், அதன் அடி நிழலோடு சேர்த்து.

மேல் அடுக்குகளுக்கு எண்ணெய் கூடுதலாகச் சேருங்கள். எண்ணெய் அதிகமுள்ள அடுக்கு மெதுவாகக் காயும். அது அடியில் இருந்தால் மேலே இருப்பது பின்னால் வெடிக்கும்.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடாகித் தீப்பிடிக்கும். திறந்த வெளியில் விரித்துக் காயவிடுங்கள். படம் தொட்டால் ஒட்டாமல் காயச் சில நாள் முதல் ஒன்றிரண்டு வாரம் ஆகும். வார்னிஷ் ஆறு மாதம் கழித்து.