ஆளுமைப் பயிற்சி வகுப்புக்குப் போகும் குருக்களுக்குச் சில யோசனைகள்

ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு என்பதால் தருமபுரி மறைமாவட்டக் குருக்களுக்கு, அங்கே வார இறுதிகளில் நடக்கும் ஆளுமைப் பயிற்சிகளுக்கு அழைப்பு வருவது சகஜம். பெரும்பாலும் பங்குக் கோவிலைச் சேர்ந்த ஒரு ஐடி இளைஞர்தான் கூப்பிடுவார், "ஃபாதர், ஒரு தடவை வந்து பாருங்க" என்று. நானும் போய் வந்தவன். போகலாம் என்பதுதான் என் கருத்து, ஆனால் சிலவற்றை முடிவு செய்துகொண்டு போங்கள்.

முதலில் தேதி. பல வகுப்புகள் வெள்ளி, சனி, ஞாயிறு என்று காலையிலிருந்து இரவு வரை நடக்கும், நடுவில் எழுந்து வருவதை விரும்ப மாட்டார்கள். ஞாயிறு பூசைக்கு வேறு குருவை ஏற்பாடு செய்துவிட்டு, எங்கே போகிறீர்கள் என்று ஆயர் இல்லத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். கட்டணத்தை உங்கள் கைப்பணத்தில் கட்டுங்கள். பங்குப் பணம் வேண்டாம், பங்கு மக்களில் யாராவது கட்டுகிறேன் என்றாலும் வேண்டாம், பின்னால் அவருக்கு எதையும் மறுக்க முடியாமல் போகும்.

இவற்றின் வேரைத் தெரிந்துகொள்வதும் நல்லது. 1971இல் அமெரிக்காவில் வெர்னர் எர்ஹார்ட் தொடங்கிய 'எஸ்ட்' பயிற்சி இரண்டு வார இறுதிகளில் சுமார் 60 மணி நேரம் நடக்கும், 1984இல் அது நின்றுவிட்டது, ஆனால் அந்தப் பாணியில் வந்தவை இன்றும் நிறைய நடக்கின்றன. மதம் இல்லை என்று சொல்வார்கள், ஆனால் மன்னிப்பு, குற்ற உணர்வு, புது வாழ்வு என்று நாம் பேசும் அதே விஷயங்களைத்தான் பேசுவார்கள்.

நடந்தது வேறு, அதைப் பற்றி நாம் மனதில் கட்டிக்கொண்ட கதை வேறு என்று பிரித்துக் காட்டுவார்களே, அது உண்மையிலேயே பயன்படுகிறது. பாகப்பிரிவினைக்குப் பிறகு பேசாமல் இருந்த என் அண்ணனுக்கு வகுப்பின் இடைவேளையில்தான் போன் செய்தேன், இப்போது பேசிக்கொள்கிறோம், அதற்காக நன்றியோடு இருக்கிறேன்.

ஆனால் 'உன் வாழ்க்கையில் நடக்கும் எல்லாவற்றுக்கும் நீயே பொறுப்பு' என்ற பேச்சை அப்படியே பங்குக்குக் கொண்டுவராதீர்கள். பதினாறு வயதில் கட்டிக்கொடுத்து, தினமும் அடி வாங்கும் பெண்ணிடம் அதைச் சொல்வது பாவம். அவளுக்குத் தேவை 181 என்ற பெண்கள் உதவி எண்ணும், கூட வருவதற்கு ஓர் ஆளும்.

மைக்கைப் பிடித்துப் பேசச் சொல்வார்கள். உங்கள் கதையை மட்டும் சொல்லுங்கள். பாவசங்கீர்த்தன ரகசியம் மீற முடியாதது, திருச்சபைச் சட்டம் 983 அதைத் தெளிவாகச் சொல்கிறது. பெயரைச் சொல்லவில்லையே என்பதெல்லாம் நம் ஊருக்குப் பொருந்தாது, கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை வைத்திருக்கும் ஒருவர் என்றாலே பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆற்றுப்படுத்தலில் (கவுன்சிலிங்கில்) கேட்டதையும் அதே போல வாய் திறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கடைசி நாளைப் பற்றித்தான். நண்பர்களைக் கூட்டி வாருங்கள், அடுத்த கட்டத்துக்குச் சேருங்கள் என்று அன்போடும் விடாப்பிடியாகவும் கேட்பார்கள், நீங்களும் அப்போது உற்சாகத்தில் இருப்பீர்கள், ஊருக்கே இது வேண்டும் என்று தோன்றும். அங்கேதான் நிதானிக்க வேண்டும். மற்றவர் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்று மறுத்துவிடலாம், சாமியார் கூப்பிட்டால் நம் ஜனங்களால் மறுக்க முடியாது, கடன் வாங்கியாவது கட்டிவிடுவார்கள். ஆகவே பிரசங்கத்தில் வேண்டாம், அன்பியம் என்ற பங்கின் சிறு குழுக் கூட்டத்தில் வேண்டாம், வாட்ஸ்அப் குழுவிலும் வேண்டாம். யாராவது தானாக வந்து கேட்டால் கட்டணம் எவ்வளவு, நேரம் எவ்வளவு, உங்களுக்கு எது உதவியது, எது உதவவில்லை என்று சொல்லிவிட்டு, சேர் என்றோ சேராதே என்றோ தள்ளாமல் விட்டுவிடுங்கள். மனநல சிகிச்சையில் இருப்பவர் என்றால் மட்டும், மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

போய் வந்த யாராவது தூக்கமில்லாமல், படபடப்பாக, வழக்கத்துக்கு மாறாகப் பேசினால் செபத்தோடு நிறுத்தாதீர்கள், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கொடுத்து மருத்துவரிடமும் அனுப்புங்கள். ஆள் சேர்த்தால் கமிஷன் என்று சொன்னால் அது பயிற்சியே இல்லை, நேரடி விற்பனைக்கான 2021 விதிகள் இப்படிப்பட்ட பிரமிடு திட்டத்தைத் தடை செய்கின்றன. பணம் மாட்டிக்கொண்டவர்களை 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள், ரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.