முள்ளா, முட்டா? ஒலியனியலில் அடிவடிவத்தைப் பிடிப்பது எப்படி

ஒலியன் (பொருளை வேறுபடுத்தும் ஒலி), மாற்றொலி (அதே ஒலியன் சூழலுக்கேற்ப ஒலிக்கும் வடிவம்) வித்தியாசம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்குப் போகிறேன். ஒரு சொல் இடத்துக்கு இடம் வேறு வடிவில் வரும்போது, அவற்றுக்கெல்லாம் மூலமாக நாம் கொள்ளும் ஒரே வடிவம்தான் அடிவடிவம், சுருக்கமாக அடி.

1. ஒரு சொல்லின் வடிவங்களையெல்லாம் எழுதுங்கள்: முள், முள்ளை, முள்ளால், முட்கள், முட்செடி, முட்புதர். எக்செல் வேண்டாம். தாளில் கையால் எழுதினால்தான் ஒழுங்கு கண்ணில் படும்.

2. சூழலைக் குறியுங்கள். சொல்லிறுதியிலும் உயிருக்கு முன்பும் ள். வல்லினத்துக்கு முன் ட்.

3. அடிவடிவத்தை முடிவு செய்யுங்கள். நான் பல நாள் சிக்கிக் கிடந்த இடம் இதுதான். முட்கம்பி, முட்பாதை என்று பட்டியல் நீண்டதால், அதிகம் வருவதே அடி என்று நினைத்து 'முட்' என எழுதிவிட்டேன். எண்ணிக்கை இங்கே உதவாது. இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அடி 'முட்' என்றால், சொல்லிறுதியில் ட் நிற்காது, அதனால் ள் ஆனது என்று சமாளிக்கலாம். ஆனால் ஐ சேரும்போது? தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்து 'முட்டை' என்றல்லவா வர வேண்டும்! அது தமிழில் இயல்பாக நிற்கும் ஒலித்தொடர், மாற எந்தக் காரணமும் இல்லை. வருவதோ 'முள்ளை'. ஆக, அடி முள். கற்கள் என்பதையும் இப்படியே சோதியுங்கள்: அடி 'கற்' என்றால் 'கற்றை' வந்திருக்கும்.

4. விதி எழுதுங்கள். முதலில் 1968-ல் மொழியியலாளர்கள் சாம்ஸ்கியும் ஹாலேயும் வகுத்த, அடியை விதியால் மாற்றிச் சொல்லும் வடிவத்தைப் பெறும் முறையில்: வல்லினத்துக்கு முன் ள் → ட். அதில் கை பழகாமல், 1993-ல் பிரின்ஸும் ஸ்மொலென்ஸ்கியும் முன்வைத்த ஆப்டிமாலிட்டி தியரிக்குத் தாவாதீர்கள். அதில் விதிகள் இல்லை; மேல், கீழ் என வரிசைப்படுத்திய தடைகள்தான் போட்டியிடும் வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்.

5. விதி கைவந்த பிறகு, ஆப்டிமாலிட்டி தியரியின் அட்டவணை. நம் இலக்கணத்தின் தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றுக்கும் ஆளுக்கொரு தடை வையுங்கள்: ஒலி தோன்றக் கூடாது, திரியக் கூடாது, கெடக் கூடாது. 'ள்க கூடாது' என்பது நான்காவது. போட்டியாளர்கள்: முள்கள், முளுகள், முகள், முட்கள். திரிதல் தடையை மட்டும் கீழே இறக்கினால் முட்கள் வெல்லும். மீறல்களைக் கூட்டிப் பார்க்காதீர்கள். மேலே உள்ள தடையை மீறியவர் அங்கேயே வெளியேறுகிறார்.

பின்சேர்க்கை: "கால்கள், தோள்கள் மட்டும் ஏன் மாறவில்லை?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அருமையான கேள்வி. அங்கே நெடில். கள் விகுதி சேரும் இடத்துக்கு மட்டும், விதியிலும் நான்காவது தடையிலும் 'தனிக்குறிலை அடுத்து' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். நாட்கள், நாள்கள் என இரண்டும் எழுதப்படுவதால், அந்தச் சொல்லை முதல் பயிற்சிக்கு எடுக்க வேண்டாம்.